பழகும் கையில் கமரா: பிறர் முகம் பயிற்சிப் பொருளா?

நீரில் இறங்காமல் நீச்சல் பழகியவர் எவரும் இலர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதும் எமது முன்னோர் அனுபவத்தில் கண்ட உண்மையே. ஆகவே, மாணவர்களிடம் ஒரு கலையகத்தையும் கமராவையும் ஒப்படைத்து, "இனி நீங்களே நடத்துங்கள்" என்று விட்டுவிடும் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது, அது நல்ல ஏற்பாடுதான் என்று எமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால், சற்று நின்று சிந்திப்போமாயின் அங்கே ஓர் அறநெறிக் கேள்வி மறைந்திருப்பதைக் காண்போம். நீச்சல் பழகுபவன் தவறினால் தண்ணீர் குடிப்பவன் அவனே. கமரா பழகுபவன் தவறினால் துன்பப்படுபவரோ கமராவுக்கு முன்னால் நிற்கும் இன்னொருவர். ஒருவர் பழகுவதற்காக மற்றொருவரின் முகத்தையும் பெயரையும் மானத்தையும் பணயம் வைக்கலாமா? இதுவே இன்று நாம் ஆராய விரும்பும் கேள்வி.

செய்து பழகும் கல்வி

அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1908ஆம் ஆண்டு வோல்டர் வில்லியம்ஸ் என்பவர் செய்தித்துறைக் கல்லூரி ஒன்றைத் தொடக்கினார். அக்காலத்தில் செய்தியாளர் தொழில் பெரும்பாலும் பத்திரிகைக் காரியாலயத்திலேயே கண்டும் கேட்டும் பழகிக்கொள்ளும் தொழிலாக இருந்தது. அதனைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த அவர், விரிவுரையோடு நின்றுவிடவில்லை. கல்லூரி தொடங்கிய அன்றே மாணவர் கைகளால் ஒரு பத்திரிகையும் வெளிவந்தது. அது வகுப்பறைக்குள் அடங்கிய மாதிரிப் பத்திரிகை அன்று. ஊர் மக்கள் வாசிக்கும் உண்மைப் பத்திரிகை. 1953ஆம் ஆண்டு டிசெம்பரில் அதே பல்கலைக்கழகம் கே.ஓ.எம்.யூ. என்னும் தொலைக்காட்சி நிலையத்தையும் தொடக்கியது. விளம்பர வருமானத்தில் இயங்கி, சுற்றுவட்டார மக்கள் பார்க்கும் நிலையம் அது. அதன் செய்தியறையில் மாணவர்கள், அனுபவமுள்ள ஆசிரியர்களின் மேற்பார்வையில், செய்தியாளர்களாகப் பணிபுரிந்து பழகுகிறார்கள்.

பிரித்தானியாவில் வேறொரு வழி தோன்றியது. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் 1964ஆம் ஆண்டு தமக்கென ஒரு தொலைக்காட்சி நிலையத்தை அமைத்துக்கொண்டார்கள். 1967இல் யோர்க் பல்கலைக்கழக மாணவர்களும் அவ்வாறே செய்தார்கள். 1973இல் இத்தகைய நிலையங்களுக்கென ஒரு தேசியச் சங்கமும் உருவாயிற்று. அது ஆண்டுதோறும் சிறந்த நிகழ்ச்சிகளுக்குப் பரிசளிக்கிறது. இங்கே தலைக்குமேல் நின்று திருத்தும் ஆசிரியர் பெரும்பாலும் இல்லை. நிலைய முகாமையாளர், தயாரிப்பாளர், தொழில்நுட்பப் பொறுப்பாளர் யாவரும் மாணவரே. ஆண்டுக்கொருமுறை தம்முள் தாமே தெரிவுசெய்கிறார்கள். அவர்களிற் பலர் செய்தித்துறை மாணவர்கள்கூட அல்லர். பகலில் பௌதிகமோ சட்டமோ வரலாறோ படித்துவிட்டு, மாலையில் வந்து கமராவைத் தூக்குகிறார்கள். ஒரு காலத்தில் மாணவர் சங்கக் கட்டடங்களிலே வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் மட்டும் தெரிந்த அவர்களுடைய நிகழ்ச்சிகளை, இன்று இணையத்தின் வழியே உலகில் எவரும் பார்க்கலாம்.

ஆக, இரண்டு வழிகள். ஒன்றில் மாணவர் செய்ய, மூத்தோர் பொறுப்பேற்கின்றனர். மற்றதில் செய்வோரும் பொறுப்பேற்போரும் மாணவரே. இரண்டிலும் பொதுவானது ஒன்று உண்டு: பார்ப்பவர்கள் உண்மையான மனிதர்கள், பார்க்கப்படுபவர்களும் உண்மையான மனிதர்கள்.

கலையகம் கற்பிக்கும் பாடம்

இந்நிலையங்களால் விளையும் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அரைமணி நேர நேரடி நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பாருங்கள். திரையிலே தெரிபவர் ஒருவர் அல்லது இருவர். அவருக்குப் பின்னால் எத்தனை கைகள்! ஒருவர் கமராவைப் பிடிக்கிறார். ஒருவர் ஒலியைச் சரிசெய்கிறார். ஒருவர் காதிலே கேட்கும் கருவியோடு தளத்தில் நின்று விரல்களால் நிமிடங்களை எண்ணிக் காட்டுகிறார். நெறியாளர் எந்தக் கமராவின் படம் வெளியே போகவேண்டும் என்று நொடிக்கு நொடி சொல்கிறார். வேறொருவர் எவருடைய காலும் தடுக்காதபடி வடங்களை ஒதுக்கி வைக்கிறார். இவர்களில் ஒருவர் தம் வேலையை அற்பமென்று எண்ணிக் கைவிட்டாலும் நிகழ்ச்சி குலைந்துவிடும். புகழை நாடி வந்த இளைஞன், புகழ் கிட்டாத வேலையைச் செவ்வனே செய்யப் பழகுகிறான். ஆறு மணி என்றால் ஆறு மணி. நேரம் எவருக்காகவும் காத்திராது என்பதையும் அவன் அங்கே அறிகிறான். பரீட்சைக்கு எழுதிய கட்டுரையை ஆசிரியர் ஒருவர்தான் வாசிப்பார். ஆனால், "இந்தச் செய்தி பிழை" என்று அயலவர் ஒருவர் வந்து நேரிலே சொல்லும்போது ஏற்படும் கூச்சத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்க முடியாது.

அரிஸ்டோட்டில் தமது அறநூலில் இதனையே கூறுகிறார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தன் ஆகிறான். யாழை மீட்டி மீட்டியே ஒருவன் யாழிசைப்பவன் ஆகிறான். அவ்வாறே நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நீதிமான் ஆகிறான் என்பது அவர் கருத்து. இதுவரை யாவரும் எடுத்துக்காட்டுவர். அடுத்து அவர் கூறுவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பிழையாகக் கட்டிப் பழகியவன் பிழையான கொத்தனாகவே ஆவான். அதாவது, பழக்கம் தன்னளவில் எவரையும் நல்லவராக்குவதில்லை. எதைப் பழகினோமோ அதுவாகவே நம்மை ஆக்குகிறது. ஆத்திரத்திலே படம் எடுத்து, சரிபார்க்காமல் வெளியிட்டு, குறை சொன்னவரை ஏளனம் செய்து மூன்று ஆண்டுகள் பழகிய மாணவன், அனுபவம் மிக்கவனாகத்தான் வெளியேறுவான். ஆனால், எதில் அனுபவம்?

திறமை வேறு, விவேகம் வேறு

இங்கே மெய்யியலாளர் வகுத்த ஒரு வேறுபாடு எமக்குக் கைகொடுக்கிறது. ஒரு பொருளை நன்றாக ஆக்கும் ஆற்றல் திறமை. ஒரு செயலை நன்றாகச் செய்யும் ஆற்றல் விவேகம். அரிஸ்டோட்டில் வகுத்து, அக்குவினாஸ் புனித தோமையாரும் எடுத்தாண்ட இவ்வேறுபாட்டை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வேண்டுமென்றே பிழைவிடும் தச்சன், தெரியாமல் பிழைவிடும் தச்சனைவிடத் திறமை கூடியவன். ஏனெனில் சரியானது எது என்று அவனுக்குத் தெரியும். விவேகத்தில் இது தலைகீழ். வேண்டுமென்றே அநீதி செய்பவன், அறியாமல் செய்பவனைவிடக் கெட்டவன்.

கமராவைப் பிடிப்பதில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒளி குறைவு, படம் நடுங்கியது, குரல் கேட்கவில்லை என்பவை திறமைக் குறைகள். அவற்றைப் பார்த்துச் சிரிக்கலாம். அடுத்த வாரம் திருத்தலாம். ஆனால், அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயின் முகத்தை அவரிடம் கேளாமலே அண்மைக் காட்சியாக எடுத்தது திறமைக் குறையா? படம் மிகத் தெளிவாக இருக்கலாம். பரிசுகூடக் கிடைக்கலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. திறமையைக் கற்பிக்க விரிவுரையும் கருவிகளும் போதும். எவரையும் நோகடிக்காமல் சக மாணவரையே நிறுத்திப் பழகலாம். விவேகத்தை அப்படிப் பழக முடியாது. உண்மையான மனிதர் முன்னே நிற்கும்போதுதான் அது பழகப்படும். எமது சிக்கல் இதுதான்.

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்ற பழமொழியை யாவரும் அறிவர். பழகுவதற்கு ஆயிரம் உயிர் போகலாம் என்பதுபோல் ஒலிக்கும் இப்பழமொழியை, "ஆயிரம் வேரை" என்பதே சரியான பாடம் என்று சிலர் திருத்திச் சொல்வர். ஆயிரம் மூலிகை வேர்களைப் பிடுங்கி இடித்துப் பழகியவனே பாதி வைத்தியன் என்பது அதன் பொருளாம். எந்தப் பாடம் மூத்தது என்பதை அறிஞர் ஆராயட்டும். எமது கேள்வி முழுவதும் அந்த ஓர் எழுத்து வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது. மாணவன் இடித்துப் பழகுவது வேரையா, பேரையா?

இரண்டு நிகழ்ச்சிகள்

2019ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் திகதி, அமெரிக்காவின் முன்னாள் சட்டமா அதிபர் ஜெஃப் செஷன்ஸ் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் உரையாற்ற வந்தார். மாணவர் பலர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாணவரே நடத்தும் நாளேட்டின் செய்தியாளர்கள் அதனைப் படம்பிடித்து வெளியிட்டார்கள். பல்கலைக்கழக விபரக்கொத்தில் தொலைபேசி இலக்கங்களைத் தேடி, கலந்துகொண்ட சிலரிடம் கருத்தும் கேட்டார்கள். படத்திலே தெரிந்த மாணவர் சிலர், இதனால் தமக்குப் பாதிப்பு என்று முறையிட்டனர். நாளேடு படங்களை நீக்கி, தனது நடத்தைக்காக மன்னிப்புக் கோரி ஆசிரிய தலையங்கமும் எழுதியது. உடனே நாடெங்குமுள்ள அனுபவமிக்க செய்தியாளர் பலர், "செய்தி சேகரித்ததற்கு மன்னிப்பா?" என்று ஏளனம் செய்தார்கள். அப்பல்கலைக்கழகத்தின் செய்தித்துறைப் பீடாதிபதி, அம்மன்னிப்பு தேவையற்றது என்ற தமது கருத்தை மறைக்காமலே, அம்மாணவர்களை இழிவுபடுத்துவோரைக் கண்டித்து அறிக்கை விட்டார். அது தொலைக்காட்சி அன்று, பத்திரிகை. ஆயினும் கேள்வி ஒன்றே.

மற்றது 2015ஆம் ஆண்டு நவம்பரில் மிசூரிப் பல்கலைக்கழகத்திலே நடந்தது. இனப்பாகுபாட்டை எதிர்த்துத் திறந்த வெளியிலே கூடாரமடித்திருந்த மாணவர்கள், பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகிய நாளன்று, செய்தியாளர்களை அருகில் வரவிடாமல் கைகோத்து நின்று தடுத்தார்கள். படம்பிடிக்க வந்தவர்களில் ஒருவரும் மாணவரே. உங்கள் உரிமையைக் காக்கும் அதே சட்டமே என் உரிமையையும் காக்கிறது என்று அவர் பொறுமையோடு எடுத்துச் சொன்னார். மறுநாள் அவ்வெதிர்ப்பாளர்களே தமது போக்கை மாற்றி, செய்தியாளரை வரவேற்கும்படி துண்டுப்பிரசுரம் விநியோகித்தார்கள். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர்கள் ஒரே நாளில் கற்றுக்கொண்ட பாடம் அது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் நாம் அறிவது என்ன? பொதுவெளிக்கு வந்து, பொது விடயத்துக்காகக் குரல் எழுப்புபவர் தம்மை எவரும் காணக்கூடாது என்று கேட்பது முறையன்று. அதனைப் பதிவு செய்வது மாணவன் செய்தாலும் மூத்தோர் செய்தாலும் குற்றமன்று. அவ்வகையில் நோத்வெஸ்ரேண் மாணவரின் மன்னிப்பு அளவுகடந்தது என்றே கூறவேண்டும். ஆனால், அம்மன்னிப்பின் அடியில் கிடந்த உணர்வு ஏளனத்துக்குரியதன்று. நாம் படமாகக் காண்பது பிறிதொருவரின் வாழ்வு என்ற எண்ணம் அவர்களை உறங்கவிடவில்லை. அந்த உறக்கமின்மையைத் தொழிலிலே தேர்ந்தவர்களிற் பலர் என்றோ இழந்துவிட்டார்கள்.

ஒரு தெளிவான எல்லை

அப்படியானால் எல்லையை எங்கே போடுவது? வைத்தியசாலையில் மாணவ வைத்தியர்கள் பழகுகிறார்கள். நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்வது மாணவன் பழகவேண்டும் என்பதற்காக அன்று. நோயாளிக்கு அது தேவை என்பதற்காக. அத்தேவை இருக்கும் இடத்தில், பொறுப்புள்ளவர் அருகே நிற்க, நோயாளியின் சம்மதத்தோடு மாணவன் பழகிக்கொள்கிறான். பழகுவதற்காகவே சுகதேகியின் வயிற்றைக் கீறுவதை எந்த வைத்தியக் கல்லூரியும் அனுமதியாது.

கமராவுக்கும் இதுவே எல்லை. "இச்செய்தி மக்கள் அறியவேண்டியதா? தேர்ந்த செய்தியாளர் ஒருவரும் இதனைச் சொல்லக் கடமைப்பட்டிருப்பாரா?" என்ற கேள்விக்கு ஆம் என்று விடை வருமாயின், மாணவன் உரிய கவனத்தோடு அதனைச் சொல்லட்டும், சொல்லும்போதே பழகட்டும். இல்லை என்று விடை வருமாயின், "நான் மாணவன், பழகுகிறேன்" என்பது அச்செயலை நியாயப்படுத்தாது. பயிற்சி ஒருபோதும் பிறரைக் காட்சிப்பொருளாக்கும் உரிமையைத் தருவதில்லை. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற் வலியுறுத்திய நெறியும் இதுவே. பொய்யுரைத்து ஒருவர் பெயரைக் கெடுப்பது குற்றம் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். தக்க காரணமின்றி ஒருவரின் உண்மையான குறையை அம்பலப்படுத்துவதும் குற்றமே என்பதைத்தான் கமரா பிடிப்பவர் விரைவில் மறந்துவிடுகிறார்.

வெட்டுவதா, கேட்பதா?

"பிழை வரும் என்று தெரிந்தால், மூத்தோர் முன்கூட்டியே வெட்டிவிடலாமே" என்று ஒருவர் கூறக்கூடும். இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தின் ஹேசல்வூட் கிழக்கு உயர்நிலைப் பள்ளியில் மாணவர் பத்திரிகையின் இரண்டு பக்கங்களை அதிபர் நீக்கிவிட்டார். கருவுற்ற மாணவிகளைப் பற்றிய கட்டுரையில் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தபோதும் அவர்கள் இன்னாரென்று அடையாளம் காணப்படலாம். பெற்றோரின் மணமுறிவு பற்றிய கட்டுரையில் குறைகூறப்பட்ட தந்தைக்கு மறுமொழி சொல்ல வாய்ப்பளிக்கப்படவில்லை என்பவை அவர் கூறிய காரணங்களுட் சில. மாணவிகள் மூவர் வழக்குத் தொடுத்தனர். 1988ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்துமா என்பதை அன்று நீதிமன்றம் முடிவுசெய்யாமல் விட்டது.

சட்டம் எப்படியாயினும், கல்வியின் கண்ணோட்டத்தில் இதனைப் பாருங்கள். அதிபர் கூறிய அவ்விரு காரணங்களும் நல்ல காரணங்கள். மாணவர் கற்கவேண்டிய மிகச் சிறந்த பாடங்கள் அவையே. ஆனால், மாணவரை அழைத்து, "அந்தத் தந்தையிடம் கேட்டீர்களா? இந்தப் பிள்ளையை ஊரார் அடையாளம் காணமாட்டார்களா?" என்று கேட்டிருந்தால் அவர்கள் விவேகத்தைக் கற்றிருப்பார்கள். பக்கத்தை நீக்கியபோது அவர்கள் கற்றது அதிகாரம் என்ன செய்யும் என்பதை மட்டுமே. பிள்ளை நடை பழகும்போது தாய் தூக்கிக்கொண்டே திரிவதில்லை. கையை விட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாள். மேற்பார்வை என்பது அதுதான். ஒருவரின் உயிருக்கோ மானத்துக்கோ மீளாத கேடு வரும் என்று காணும் இடத்தில் மூத்தவர் தடுத்தே ஆகவேண்டும். ஏனைய இடங்களில் அவருடைய கத்தரிக்கோலைவிட அவருடைய கேள்வியே பயன் தரும்.

முற்றிலும் மாணவரே நடத்தும் நிலையங்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. நிருவாகக் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் பழையவர் அனைவரும் பட்டம் பெற்றுப் போய்விடுவர். ஆனால், இணையத்தில் ஏற்றிய படம் போவதில்லை. பத்து ஆண்டுகளின் பின் ஒருவர் வந்து, "அன்று நான் அறியாமல் சொன்னது இன்றும் என் வேலைக்குத் தடையாக நிற்கிறது" என்று முறையிட்டால், கதவைத் திறப்பவர் அன்று எடுத்தவர் அல்லர். செய்தவர் இல்லை, செயல் மட்டும் நிற்கிறது. ஆதலால், முறைப்பாட்டைக் கேட்பதற்கும் பிழையைத் திருத்துவதற்கும் மாறாத ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும். களவெடுத்தவன் வருந்தினால் மட்டும் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அதுபோல, ஆயிரம் பேர் முன்னே கெடுத்த பெயரை அந்த ஆயிரம் பேர் முன்னேயே சீர்செய்யவேண்டும். நள்ளிரவில் ஒரு வரித் திருத்தம் போட்டு ஒதுங்கிக்கொள்வது நீதியாகாது.

எமது இல்லங்களுக்கு

இவையெல்லாம் தூரத்து நாட்டுக் கதைகள் என்று எண்ணவேண்டாம். இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி வந்தபோது அது பெரும் பொருட்செலவில் சிலர் மட்டும் நடத்தும் காரியமாக இருந்தது. இன்று ஊடகக் கற்கை எமது பல்கலைக்கழகங்களிலும் பாடமாகிவிட்டது. அத்துறையை நாடும் பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர் அஞ்சுவதும் காரணமற்றதன்று. 2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டதை எமது மக்கள் மறந்துவிடவில்லை. எனினும், அச்சம் காரணமாக நல்ல பிள்ளைகள் யாவரும் விலகி நின்றால், அந்தப் பணி விவேகமற்றவர் கையில் போய்ச் சேரும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மேலும், பல்கலைக்கழகத்துக்குப் போகாத பிள்ளையின் கையிலும் இன்று ஒரு தொலைக்காட்சி நிலையம் இருக்கிறது. கைத்தொலைபேசியைத்தான் சொல்கிறோம். வீதி விபத்தையும், செத்தவீட்டு அழுகையையும், வகுப்புத் தோழனின் அவமானத்தையும் ஒரு நிமிடத்தில் ஊருக்கெல்லாம் காட்டிவிடலாம். மாணவர் நிலையத்திலாவது, "இதனை வெளியிடத்தான் வேண்டுமா?" என்று கேட்கப் பக்கத்தில் ஒரு தோழன் இருக்கிறான். கைத்தொலைபேசி பிடித்த பிள்ளைக்குப் பக்கத்தில் எவர் இருக்கிறார்? அந்த இடம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. கருவியைப் பறிப்பதால் அவ்விடம் நிரம்பாது.

ஆகவே, பழகும் கையில் கமராவைக் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கொடுக்காமல் வளர்க்கப்பட்டவர்கள் ஒருநாள் திடீரென அதனைப் பெறும்போது, பேரை இடித்தே பழகுவார்கள். ஆனால், கொடுக்கும்போது மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொடுப்போம். இதனை மக்கள் அறியவேண்டுமா? படத்தில் இருப்பவரிடம் கேட்டாயா? பிழையாகிவிட்டால் அவர் முன்னே போய் நிற்பாயா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லும் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.